தோகாஷி அம்மையின் ஏழு கோப்பைத் தேநீர்

அகிதா ஊரின் பனிக்கு அஞ்சாத பண்பே, மடங்க மறுத்த முழங்கால்களை முறையாய்ப் பழக்கிய முப்பத்தெட்டாண்டு முயற்சியே, எங்கள் மருத்துவமனைப் பயிற்சிக் கூடத்தின் பெருமையே, தோகாஷி சுமியே அம்மையே, வணக்கம்.

முழங்கால் ஜவ்வு அறுந்து, அறுவை முடித்து வந்த பிள்ளைகள் எல்லாரும் உங்கள் வரிசையில்தான் நின்றார்கள். உங்களைவிட இரண்டு பட்டம் கூடுதலாகப் பெற்றும், பக்கத்துக் கட்டிலருகே ஆளின்றி நின்ற சக பயிற்சியாளர் ஹதகேயாமாவுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக வயிறு எரிந்தது. இந்தப் பிரியாவிடை மடலை எழுதி வாசிக்கும் பொறுப்பையும் அவர் தலையிலேயே கட்டினோம். மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

கூடைப்பந்து ஆடும் மினோரியை மறந்திருக்க மாட்டீர்கள். அறுவைக்குப் பின் ஒன்பது நாள் அவள் தொடைத்தசை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஹதகேயாமா மின்கருவி வைத்தார், புத்தகம் புரட்டினார், பயனில்லை. பத்தாம் நாள் நீங்கள் வந்தீர்கள். முழங்காலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டிச் சில்லை மெல்ல மேலும் கீழும் நகர்த்தி, தொடைமேல் உள்ளங்கையை வைத்தீர்கள்.

"உங்கம்மா மேல இருக்குற கோவத்தையெல்லாம் இந்தத் துண்டு மேல காட்டு, கண்ணு. அமுக்கு."

தசை துடித்தது. மினோரி அழுதேவிட்டாள். மறுநாள் ஹதகேயாமா அதே துண்டோடும் அதே பேச்சோடும் போய் உட்கார்ந்தார்.

"சார், உங்க கை ஐஸ் மாதிரி இருக்கு. தொட்டாலே கால் இறுகிக்குது. தோகாஷி அம்மா வரலையா?"

அன்றே அவர் மேலிடத்துக்குப் புகார் எழுதினார்: பணிநேரத்தில் தோகாஷி நாளுக்கு ஏழு கோப்பைத் தேநீர் குடிக்கிறார். விசாரிக்க வந்த தலைமை மருத்துவர் கண்டது, குடிக்காமலேயே ஆறிப்போயிருந்த ஏழு கோப்பைகளை. ஒவ்வொருவரையும் தொடுமுன் கையைச் சூடாக்கிக்கொள்ள நீங்கள் பிடித்திருந்த கோப்பைகள் அவை. புகார் யாருடையது என்று நீங்கள் கேட்கவேயில்லை. அதனாலும் ஹதகேயாமாவின் பொறாமை தணியவில்லை. இவ்வளவு எளிய விஷயம் தனக்குத் தோன்றவில்லையே என்று இன்னும் புழுங்கினார்.

சென்ற மாதம் ஊழியர் கைப்பந்துப் போட்டியில் உங்கள் அணியை வென்றே தீர்வது என்று துள்ளியவருக்கு வலது முட்டியில் ஜவ்வு அறுந்தது. ஊன்றுகோலில் நின்றபடிதான் இதை வாசிக்கிறார். உங்கள் ஓய்வு மார்ச் முப்பத்தொன்று. அவருடைய அறுவை ஏப்ரல் நான்கு.

ஆகவே அம்மையே, நோயின்றி நூறாண்டு வாழ்க. அதில் முதல் மூன்று மாதங்களை இவ்வூரை விட்டு எங்கும் போகாமல் வாழ்க. ஏப்ரல் ஐந்தாம் நாள் காலை ஹதகேயாமாவின் கட்டிலருகே ஒரு கோப்பைத் தேநீர் சூடாக இருக்கும். அது குடிப்பதற்கல்ல.

உங்கள் பிரிவால் கை சில்லிட்டிருக்கும்,
முழங்கால் பயிற்சிக் கூட ஊழியர்கள்