மஞ்சக் கடுதாசி வீட்டு மாப்பிள்ளை

வாத்துக்காரர்: ஆரன் அடிக்காதீங்க சார். அடிச்சா அப்படியே திரும்பி வயலுக்குள்ள எறங்கிடும். அப்புறம் நீங்களும் நானும் பொழுது சாயுற வரைக்கும் இங்கதான்.

வந்தவர்: இதுங்க எப்பங்க ரோட்டத் தாண்டும்?

வாத்துக்காரர்: முன்னாடி போற வாத்து மனசு வைக்கணும். அது நின்னா எல்லாம் நிக்கும். வண்டிய அணைச்சிட்டு அந்தப் புங்கமரத்தடிக்கு வாங்க. எந்த ஊருக்குப் போறீங்க?

வந்தவர்: இந்த ஊருக்குத்தான். நீடாமங்கலத்துல மச்சான் வண்டிய வாங்கிட்டு வர்றேன். ஒருத்தரப் பத்தி கொஞ்சம்... விசாரிக்கணும்.

வாத்துக்காரர்: கல்யாண விசயமா?

வந்தவர்: எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

வாத்துக்காரர்: அயர்ன் பண்ணுன சட்டை. நெத்தியில விபூதி. ஆளே இல்லாத ரோட்டுலயும் குரலத் தாழ்த்திப் பேசுறீங்க. வேற என்னவா இருக்கும். பொண்ணு உங்களுதா?

வந்தவர்: இல்லில்ல... சொந்தத்துல ஒரு பொண்ணு. அவங்கப்பா கொஞ்சம் கூச்சப்படுற ஆளு. அதான் நான் வந்தேன்.

வாத்துக்காரர்: கூச்சப்படுற ஆளு. சரி. பையன் யாரு?

வந்தவர்: சதீஷ்னு பேரு. கும்பகோணத்துல ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்குறாரு. அப்பா பேரு வைரக்கண்ணு. முன்னாடி ரைஸ்மில் வச்சிருந்தாராம்.

வாத்துக்காரர்: வைரக்கண்ணா...

வந்தவர்: தெரியாதா?

வாத்துக்காரர்: தெரியாம என்ன. ஆனா வெறும் வைரக்கண்ணுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. மஞ்சக் கடுதாசி வைரக்கண்ணுன்னு கேட்டிருந்தீங்கன்னா பஸ் ஸ்டாப்புலயே கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டிருப்பாங்க.

வந்தவர்: மஞ்சக் கடுதாசின்னா... கடன் கட்ட முடியலன்னு கோர்ட்டுல எழுதிக் குடுக்குறதா?

வாத்துக்காரர்: அதேதான். எங்கிட்ட இருக்குறது இவ்வளவுதான், பங்கு போட்டுக்கங்கன்னு கைய விரிக்கிறது. கடன் குடுத்த ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் நோட்டீஸு வந்துச்சு. போஸ்ட்மேன் ஒரே நாள்ல தெருத்தெருவா குடுத்துட்டுப் போனாரு. அன்னிக்கு இந்த ஊர்ல பாதி வீட்டுல சோறு எறங்கல.

வந்தவர்: ஆளு எப்படி?

வாத்துக்காரர்: திருட்டுப்பய சார்.

வந்தவர்: அப்படியா...

வாத்துக்காரர்: நான் சொல்லல, ஊரு சொல்லுது. ஊரு சொல்றதுல நானும் சேத்தி.

வந்தவர்: எதனால அப்படி ஆச்சு? குடியா, சீட்டா?

வாத்துக்காரர்: அதெல்லாம் இல்ல. மெசினு. ஒரு மில்லு நல்லாத்தான் ஓடுச்சு. பக்கத்து ஊர்க்காரன், அரிசியில கறுப்பு இருந்தா கண்டுபுடிச்சு ஊதித் தள்ளுற மெசின் ஒண்ண எறக்கிட்டான். இவனுக்குத் தூக்கம் போச்சு. கடன் வாங்க முடிஞ்ச எடத்துலல்லாம் வாங்கி இவனும் ஒண்ண எறக்கிட்டான். அந்த வருசம் பாத்து அறுப்பு நேரத்துல மழை. வாங்கிப் போட்ட நெல்லெல்லாம் குடோன்லயே மொளச்சுப் போச்சு. வட்டி கட்டக் கடன், அந்தக் கடனுக்கு வட்டின்னு...

வந்தவர்: மழை பேஞ்சா அவரு என்ன பண்ணுவாரு, பாவம்.

வாத்துக்காரர்: பாவமா? மெசின் தெறப்பு விழாவுக்கு மண்டபம் புடிச்சான் சார். ரெட்டை நாயனம். ஊருக்கே பிரியாணி. மழைய வேணா சாமி அனுப்பிச்சு, பிரியாணிய யாரு போடச் சொன்னது?

வந்தவர்: நீங்களும் சாப்பிட்டீங்களா?

வாத்துக்காரர்: எங்க... எல்லார் எலையிலயும் கறி விழுதான்னு பாத்துட்டே நின்னதுல சாப்பிடவே மறந்துட்டேன்.

வந்தவர்: நீங்களா?

வாத்துக்காரர்: அவன். மறந்துட்டான். அவன் சாப்பிடலன்னு சொல்ல வந்தேன். ஏய்... ஏய்... அந்தப் பக்கம் போவாத. இந்த ஒத்த வாத்து மட்டும் எம் பேச்சக் கேக்குறதே இல்ல சார்.

வந்தவர்: அப்புறம் ஊரு என்ன சொல்லுச்சு?

வாத்துக்காரர்: என்ன சொல்லல. அவன் புதுச் சட்டை போட்டா, பாரு நம்ம காசு. கிழிஞ்ச சட்டை போட்டா, பாரு நடிப்ப. சிரிச்சா கொழுப்பு. சிரிக்கலன்னா எங்கயோ பதுக்கி வச்சிருக்கான், அதான் கவலை. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய போறதுன்னே அவனுக்குத் தெரியாமப் போச்சு. ஒரு நாள் அம்மாபேட்டை ஓட்டல்ல ரெண்டு இட்லி சாப்பிட்டான். அவன் வீடு வந்து சேர்றதுக்குள்ள அது மட்டன் சாப்பாடு ஆயிருச்சு. மறுநாள் காலையில டீக்கடையில கேட்டா, குடும்பத்தோட ஊட்டி போயிட்டு வந்திருக்கான்.

வந்தவர்: ஊட்டியா... எங்க ஊரா இருந்தா சிங்கப்பூரே அனுப்பியிருப்பாங்க.

வாத்துக்காரர்: எந்த ஊரு உங்களுக்கு?

வந்தவர்: அது... கெழக்கால. நீங்க சொல்லுங்க.

வாத்துக்காரர்: அந்த வீட்டுல மஞ்சத் துணியே கெடையாது சார். ஒரு தடவ அவன் பொண்டாட்டி மஞ்சச் சேலையக் கொடியில காயப் போட்டிருந்தா. தெருவுல போன ஒருத்தன் நின்னு பாத்துட்டு, நோட்டீஸு இன்னும் காயலியான்னு கேட்டுட்டுப் போனான். அன்னிக்கு எடுத்து மடிச்சு வச்சவதான்.

அகிலாண்டம்: என்னாங்க... வாத்து பூரா அந்தாண்ட வயலுக்குப் போயி ரொம்ப நேரமாச்சு. நான் சோத்துத் தூக்க வச்சுக்கிட்டு உங்களத் தேடுறேன். இங்க நின்னு யாரப் பத்தி இவ்ளோ பேச்சு?

வாத்துக்காரர்: வா வா. எம் வீட்டுக்காரி சார். சாரு வைரக்கண்ணுவப் பத்தி விசாரிக்க வந்திருக்காரு.

அகிலாண்டம்: யாரப் பத்தி?

வாத்துக்காரர்: வைரக்கண்ணும்மா. ரைஸ்மில் வைரக்கண்ணு. அவரு மவன் சதீஷுக்குப் பொண்ணு குடுக்குற விசயமா.

அகிலாண்டம்: ...ஓ. அந்த வைரக்கண்ணா.

வந்தவர்: உங்களுக்கும் பழக்கமாம்மா?

அகிலாண்டம்: ஒரே செவுருதான். இவரு என்ன சொன்னாரு?

வந்தவர்: திருட்டுப்பயன்னு சொன்னாரு.

அகிலாண்டம்: இவருக்கு என்ன தெரியும். நான் சொல்றேன் கேளுங்க. அவருக்கு வாய் ஜாஸ்தி, வறட்டு ஜம்பம், ஒரு வேலையும் ஒழுங்காத் தெரியாது. ஆனா திருடன் இல்ல.

வாத்துக்காரர்: அவனுக்கு நீ எதுக்கு இப்படிப் பரிஞ்சு பேசுற?

அகிலாண்டம்: ஏமாத்தணும்னு நெனச்சிருந்தா மில்லயும் வீட்டையும் பொண்டாட்டி பேருக்கு மாத்திட்டுல்ல கடுதாசி குடுத்திருக்கணும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்கன்னு ஒரு ஆளு யோசனை கூடச் சொன்னான்.

வாத்துக்காரர்: இவனும் தலைய ஆட்டிட்டுத்தான் வந்தான். அந்தப் பொம்பளதான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா. எவ்வளவு கெஞ்சுனான். பேனாவத் தூக்கி அடுப்புல போட்டுட்டா சார்.

அகிலாண்டம்: ஏன் போடலன்னு தெரியுமா?

வாத்துக்காரர்: பயம். கோர்ட்டுக்குப் போகணுமேன்னு.

அகிலாண்டம்: பயமுமில்ல ஒண்ணுமில்ல. ஊரு அவரத் திருடன்னு சொல்லப் போவுதுன்னு அவங்களுக்குத் தெரியும். அப்ப தெருவுல எறங்கி, இல்லடான்னு சண்டை போடணும். அந்தக் கையெழுத்தப் போட்டிருந்தா எந்த வாயால சண்டை போடுறது?

வாத்துக்காரர்: இத்தன வருசத்துல இத நீ எங்கிட்டச் சொன்னதே இல்லியே.

அகிலாண்டம்: உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும். அடுத்த வீட்டு விசயம்.

வந்தவர்: அந்தம்மா கெட்டிக்காரங்கதான்.

வாத்துக்காரர்: கெட்டிக்காரியா? அந்தச் சமயத்துல அவன எங்கயும் தனியா விட மாட்டா சார். வெண்ணாத்துக்குக் குளிக்கப் போனாக்கூடப் பின்னாடியே வந்துருவா. துணி தொவைக்கிற மாதிரி படித்துறையில உக்காந்துகிட்டு, தொவைச்ச சட்டையவே திருப்பித் திருப்பித் தொவைப்பா. கண்ணு மட்டும் தண்ணிக்குள்ள இருக்குற இவன் தலை மேலயே இருக்கும்.

அகிலாண்டம்: அது அவருக்குத் தெரியுமாமா?

வாத்துக்காரர்: தெரியாமலா. அதுக்காகவே நாலு முங்கு போட்டுட்டு ஏறிடுவான். அவன்கிட்ட இருந்த நல்ல சட்டை அது ஒண்ணுதான். இன்னும் கொஞ்ச நேரம் நீந்துனா அதுவும் நாராப் போயிடும்.

அகிலாண்டம்: சிரிக்காதீங்க அண்ணே. அப்ப அது சிரிப்பா இல்ல.

வந்தவர்: இல்லம்மா... எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. இப்ப ஊரு எப்படி? பேசுறாங்களா?

வாத்துக்காரர்: இப்பப் பரவால்ல சார். வேற ஒருத்தன் கடுதாசி குடுத்துட்டான். அவனத் திட்டவே ஊருக்கு நேரம் சரியா இருக்கு.

அகிலாண்டம்: அவருதான் முந்தி இவங்க வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துனவரு. கடுதாசி குடுக்குறதுக்கு மொத நாளு அதே வாசல்ல வந்து நின்னு, வக்கீல் போன் நம்பர் இருக்கான்னு கேக்குறாரு.

வந்தவர்: குடுத்தாரா?

வாத்துக்காரர்: நம்பரும் குடுத்து, மோரும் குடுத்து, ஓட்டல்ல இட்லி மட்டும் சாப்பிட்டுராதன்னு சொல்லி அனுப்புனான்.

வந்தவர்: சரி... பையன் எப்படி?

அகிலாண்டம்: தங்கம். பள்ளிக்கூடத்துல அவன் பேரையே மாத்திட்டானுங்க. வாத்தியாரு சதீஷுன்னு கூப்பிட்டாப் பையனுங்க மஞ்சநோட்டீஸுன்னு கத்துவானுங்க. ஒரு நாளும் வீட்டுல வந்து சொன்னதில்ல. கூடப் படிச்ச பொண்ணு சொல்லித்தான் தெரியும். இன்னிக்கும் ஒரு பொருள் தவணையில வாங்க மாட்டான். சிரிச்ச மூஞ்சி. எக்ஸ்ரே எடுக்க வர்ற பெரியவங்கல்லாம் அவனத்தான் கேட்டு வருவாங்க.

வந்தவர்: அப்படிப்பட்ட பையனுக்கு இன்னும் ஏன் அமையல?

அகிலாண்டம்: எல்லாரும் வருவாங்க. டீக்கடையில ஒரு டீயக் குடிச்சுகிட்டே விசாரிப்பாங்க. அடுத்த பஸ்ஸுல ஏறிடுவாங்க. வாசப்படி மிதிச்சவங்க ஒருத்தர் இல்ல. போன தடவ காலையிலயே கேசரி கிண்டி வச்சுட்டு, பொழுது போற வரைக்கும் பாத்துட்டு, கடைசியில வாத்துக்குத்தான் போட்டோம்.

வாத்துக்காரர்: அதுங்களும் திங்கல.

அகிலாண்டம்: ஏன் திங்கல? நல்லாத்தான் கிண்டியிருந்தேன்.

வந்தவர்: நீங்க கிண்டுனீங்களாம்மா?

அகிலாண்டம்: ...ஒத்தாசைக்குப் போயிருந்தேன்.

வந்தவர்: போதும் தங்கச்சி. வைரக்கண்ணு அண்ணே, நீங்களும் போதும்.

வைரக்கண்ணு: எப்ப தெரிஞ்சிச்சு?

வந்தவர்: நீங்க திரும்பி ஆரன் அடிக்காதீங்கன்னு சொன்னப்பவே. மாப்பிள்ளை போட்டோவுல இருக்குற மூக்கு அப்படியே உங்க மூஞ்சியில இருக்கு.

வைரக்கண்ணு: தெரிஞ்சுக்கிட்டேவா திருட்டுப்பயன்னு சொல்ல விட்டு வேடிக்கை பாத்தீங்க?

வந்தவர்: தன்னைப் பத்தி எவ்வளவு தூரம்தான் ஒரு மனுசன் திட்டுவான்னு பாத்தேன். நிறுத்தவே காணும்.

வைரக்கண்ணு: எப்படியும் டீக்கடையில கேக்கத்தான் போறீங்க. அதுக்கு நானே திட்டுனா சுருக்கா முடிஞ்சிரும்னு நெனச்சேன்.

அகிலாண்டம்: எல்லாந்தான் தெரிஞ்சு போச்சே. ரோடும் தெறந்துதான் கெடக்கு. கெளம்புங்க அண்ணே. இருட்டுறதுக்குள்ள நீடாமங்கலம் போகணும்ல.

வைரக்கண்ணு: அகிலாண்டம், சும்மா இரு.

அகிலாண்டம்: நான் என்ன சொல்லிட்டேன். அவருக்கு நேரமாவுமேன்னுதான்.

வந்தவர்: நான் போகலம்மா. நானும் ஒரு பொய் சொல்லிட்டேன். சொந்தத்துல ஒரு பொண்ணுன்னேன்ல... எம் பொண்ணுதான் அது. பூவிழி. எம் பேரு தியாகராசன்.

அகிலாண்டம்: வேதாரண்யமா? தரகர் ஜாதகம் குடுத்தாரே, டீச்சரா இருக்குற பொண்ணுன்னு... உப்பு யாவாரம் பண்றவருன்னாரு.

தியாகராசன்: பண்ணுனேன். இப்ப ஒரு கடையில கணக்கு எழுதுறேன். கஜா புயலுக்கு மொத நாள் வரைக்கும் எம் உப்பளத்துல மலை மாதிரி அம்பாரம் போட்டு வச்சிருந்தேன் அண்ணே. எல்லாம் கடன் வாங்கிப் போட்ட யாவாரம். விடிஞ்சு போயிப் பாத்தா வெறும் சேறு. கடல்லேர்ந்து எடுத்தது கடலுக்கே போயிருச்சு.

வைரக்கண்ணு: ம்.

தியாகராசன்: அடுத்த வருசம் நானும் குடுத்தேன்.

அகிலாண்டம்: என்னத்த?

தியாகராசன்: உங்க வீட்டுல குடுத்ததத்தான். நாகப்பட்டினம் கோர்ட்டுல. தரகர்கிட்ட அத மறைச்சுட்டேன். எங்க வீட்டுக்கு வர்றவங்களும் தெரு முக்குலேர்ந்தே திரும்பிடுறாங்கம்மா. உங்க வீட்டு விசயத்த ஒருத்தர் காதக் கடிச்சப்ப எனக்கு ஒரு சந்தோசம் வந்துச்சு பாருங்க... ஒரு மனுசன் திவாலானதுக்கு இந்த மாதிரி எவனும் சந்தோசப்பட்டிருக்க மாட்டான். அப்புறம் பயமும் வந்துருச்சு. நீங்களும் எங்க ஊருக்கு விசாரிக்க வருவீங்களே. அதுக்குள்ள நானே வந்து சொல்லிடணும்னு கெளம்பி வந்தேன். வந்து நின்னா வாய் வரல, உங்களப் பத்தியே கேட்டுட்டு நிக்கிறேன். இப்பச் சொல்லிட்டேன். வேணாம்னா சொல்லிடுங்க, நான் மனசுல வச்சுக்க மாட்டேன்.

அகிலாண்டம்: என்னாங்க... இவரு இவ்வளவு சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?

வைரக்கண்ணு: என்னத்தடி பேசச் சொல்ற. வாத்து எறக்க வயல் பாக்கப் போறேன்னு உங்கிட்டச் சொல்லிட்டுப் போன வாரம் நான் போனது வேதாரண்யத்துக்குத்தான். உங்க தெருவுல நின்னு விசாரிச்சேன் சம்மந்தி. நம்ம ஊர்ல என்னத் திட்டுன அதே திட்டு, ஒரு எழுத்து மாறல. திரும்பி வர்ற பஸ்ஸுலயே முடிவு பண்ணிட்டேன், சம்மந்தம் பண்ணுனா இந்த ஆளோடதான்னு.