ஆவணி வளர்பிறைத் தசமி

பாட்டு வீடியோ ஒன்றைப் பார்க்கும்போது நான் பாடுகிறவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. பின்னால் நிற்பவர்களைத்தான் பார்ப்பேன். கமெரா தங்களைப் பிடிக்கிறது என்று தெரியாமல் யாராவது ஒருவர் அங்கே நிற்பார். வீடியோ நல்லதா கெட்டதா என்பதை அவர்தான் சொல்லுவார்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று நான் வாயால் சொன்னதை எழுதியெடுத்த பொலிஸ்காரத் தம்பி நல்ல பிள்ளை. ஆனாலும் முக்கியமான இடங்களையெல்லாம் விட்டுவிட்டார். அதனால் நானே எழுதித் தருகிறேன். என் பெயர் குகதாசன். மருதனார்மடச் சந்தியில் சந்தைக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகிறது.

என் கைபேசியில் ஒரே வீடியோவை நானூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டீர்கள். அதைச் சொல்லவேண்டுமென்றால் எனக்குப் பிடித்த மற்ற இரண்டைப் பற்றியும் சொல்லவேண்டும்.

முதலாவது, சாவகச்சேரிப் பொடியன்கள் சிலர் ஏ-ஒன்பது வீதியில் ஓடுகிற பஸ்ஸுக்குள் எடுத்த பாட்டு. பாட்டு சுமார்தான், மெட்டு எங்கோ கேட்டதுபோல இருக்கும். ஆனால் பாடுகிற பொடியனுக்குப் பக்கத்தில் மடியில் பலாப்பழத்தோடு இருந்த ஒரு மனுசி அவன் தோளிலேயே தூங்கிவிழுந்துவிட்டா. அவன் என்ன செய்தான் தெரியுமா? அவவை எழுப்பிவிடக்கூடாது என்று குரலைத் தணித்துக்கொண்டான். அந்த ஒரு இடத்துக்காக அதை எத்தனை தடவையும் பார்க்கலாம். இரண்டாவது, ஒரு பிள்ளை பெரியவளானதற்குச் செய்த சாமத்திய வீட்டில் வேறொருவர் எடுத்த பாட்டு. சிறகு வைத்த உடுப்பு, புகை, ட்ரோன் என்று எல்லாக் கூத்தும் இருக்கும். நடுவில் அந்தப் பிள்ளை ஆரத்தித் தட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு கொட்டாவி விடும். எடுத்தவர் அதை வெட்டாமல் விட்டிருந்தார். அவருக்கு நான் தொலைபேசி எடுத்துப் பாராட்டினேன்.

மூன்றாவது நான் எடுத்தது. நடராசா ஐயாவின் நினைவுப் பாட்டு.

நினைவுப் பாட்டு என்பது இப்போது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. முன்பு செத்தவரைப் பற்றிக் கல்வெட்டு என்று ஒரு புத்தகம் அடித்து, முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதில் திதி வெண்பா இருக்கும்; செத்த மாதம், பிறை, திதி எல்லாவற்றையும் ஒரு பாட்டுக்குள் அடக்கிவிடுவார்கள். வருடா வருடம் திவசம் செய்கிற நாளைப் பிள்ளைகள் மறக்கக்கூடாதல்லவா? இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகள் புத்தகத்தோடு வீடியோவும் கேட்கிறார்கள். திதியும் வீடியோவுக்குள் வந்துவிட்டது. பெரும்பாலும் கண்ணராவிதான். புறா பறக்கும், மெழுகுதிரி உருகும், ட்ரோன் மேலே போகும். ட்ரோன் வந்தபிறகு எங்கள் ஊரில் எல்லோரும் தென்னைமர உயரத்தில் நின்றுதான் அழுகிறார்கள்.

நடராசா ஐயா வெங்காயத் தோட்டம் செய்தவர். மனைவி போய்ச் சேர்ந்தபிறகு மகள் ஆரணியோடு இருந்தார். மகன் ஜெயதீபன் கனடாவில். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு வீடியோ வேண்டுமென்று ஜெயதீபன் கேட்டதால், தோட்டத்துக்குப் போய்ப் படம் பிடித்தேன். தண்ணீர் மெசின் இறைத்துக்கொண்டிருந்தது. குழாய் வாயில் தலையைக் கொடுத்துக் குளித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி என் மேல் வீசிவிட்டு, வாயெல்லாம் தண்ணீராகச் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை. பதினொரு செக்கன்தான். இருபத்திரண்டு வருடத்தில் அப்படியொன்று எனக்குக் கிடைத்ததில்லை.

போன வருடம் ஆவணியில் அவருக்கு இருதயம் பழுதாகி, ஆசுபத்திரியில் கைவிட்டுவிட்டார்கள். ஜெயதீபன் ஒருநாள் காலையில் அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, அப்பா இண்டைக்குத் தாண்டமாட்டாராம். எனக்கு ரிக்கற் கிடைக்கேல்லை. பாட்டையாவது நல்லாச் செய்து தாங்கோ அண்ணை.”

மெட்டு என்னிடம் இருந்தது. வரிகளை நானே எழுதினேன். அன்று வளர்பிறைத் தசமி. ‘ஆவணி வளர்பிறைத் தசமியிலே ஆறிய மூச்சே, எங்கே நீ’ என்று திதியை நடுவில் வைத்தேன். வருடத்தின் பெயர் பாட்டில் இடிக்கும் என்பதால் போடவில்லை. மதுரா என்ற பிள்ளையைக் கூப்பிட்டுப் பகலிலேயே பாடவைத்தேன். அவளுடைய தகப்பனும் ஓர் ஆவணியில்தான் இறந்தவர், அது எனக்குத் தெரியாது. ‘தசமியிலே’ என்று பாடும்போது குரல் உடைந்து, ஒரு கணம் நின்று, பிறகு ‘ஆறிய மூச்சே’ என்று வந்தது. அந்த உடைந்த குரலின் மேல் நான் நடராசா ஐயாவின் சிரிப்பை வைத்தேன். தண்ணீர் வீசுகிறார், குரல் உடைகிறது. வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து போட்டேன். சந்தோசமாக இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்?

அவர் சாகவில்லை.

மூன்றாம் நாள் எழும்பிக் கஞ்சி கேட்டாராம். இரண்டு கிழமையில் வீட்டுக்கு வந்துவிட்டார். எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். நானும் அப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மதுராதான் பயந்துபோனாள். உயிரோடு இருக்கிற மனிசனைச் செத்ததென்று பாடிவிட்டேன், அதை அழித்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். அழித்துவிட்டேன் என்றேன். வேறு என்ன சொல்லமுடியும்?

திதியை மாற்றி அந்த வரியைத் திரும்பப் பாடவைத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். ஆரணியும் நீதிமன்றத்தில் அதைத்தான் கேட்கப்போகிறா. எழுத்தென்றால் மாற்றலாம். பிறந்த திகதி, இறந்த திகதி எல்லாம் ஒரு நிமிட வேலை. குரல் அப்படியல்ல. ஒருமுறை உடைந்த குரலைப் பிறகு உடைத்துக்காட்டு என்றால் அது நடிப்பு. மதுராவைக் கேட்டுப் பார்த்தீர்களா என்றால், இல்லை. எனக்குத் தெரிந்த விடயத்தை நான் ஏன் அவளிடம் கேட்கவேண்டும்?

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்கு அடிக்கடி போய்வந்தேன். அவரோடு கதைத்துக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். பொய்யில்லை. தைக்குப் பிறகு ஒருநாள், பாட்டுச் செய்த கதையை ஜெயதீபன் மூலம் கேள்விப்பட்டுவிட்டு அவரே கேட்டார்.

“தம்பி, உந்தப் பாட்டைப் போட்டுக் காட்டும். நான் செத்தா எப்பிடி இருப்பன் எண்டு பாப்பம்.”

காட்டினேன். கைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு முழுக்கப் பார்த்தார். தண்ணீர் வீசுகிற இடத்தில் சிரித்தார்.

“சோக்காயிருக்கு. ஆனா திதி பிழைச்சுப்போச்சு, என்ன?”

“ஓம் ஐயா.”

“அப்ப அடுத்த ஆவணி மட்டும் பொறும். அந்தத் தசமிக்குப் போறன்.”

சொல்லிவிட்டு இருமி இருமிச் சிரித்தார். ஆரணி உள்ளேயிருந்து, “அப்பா, உதென்ன கதை?” என்று பேசினா. அது பகிடி என்று நீங்கள் சொல்லுவீர்கள். எனக்கும் தெரியும். ஆனால் அவர் வேறு எத்தனையோ சொல்லியிருக்கலாம். பாட்டை மாற்றும் என்றிருக்கலாம், அழித்துவிடும் என்றிருக்கலாம். சோக்காயிருக்கு என்றார், பொறும் என்றார். பொறுத்தேன்.

ஆனியிலிருந்து அவருக்கு மூச்சு ஏலாமற் போனது. ஜெயதீபன் வீட்டிலேயே ஒட்சிசன் மெசின் பூட்டிக்கொடுத்தார். தானாகவே நடந்துவிடும் என்று நினைத்தேன். கோவிலுக்குப் போகும்போதெல்லாம் கும்பிட்டுக்கொண்டேன், அவர் கஷ்டப்படக்கூடாது என்றுதான். ஆவணி பிறந்தது. அமாவாசை கழிந்தது. பிறை வளர வளர அவருக்குச் சுகம் கூடிக்கொண்டு வந்தது. எட்டாம் நாள் எழும்பியிருந்து இடியப்பம் சாப்பிட்டார். வைத்தியர் இன்னும் இரண்டு வருடம் இருப்பார் என்று சொன்னதாக ஆரணி எனக்குச் சொன்னா. முகமெல்லாம் சிரிப்பு. தசமிக்கு இரண்டே நாள்தான் இருந்தது.

திதி விடயத்தில் எங்கள் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் வேறு நேரம் சொல்லும். பிறகு திவசத்துக்கு வீட்டுக்குள்ளேயே சண்டை வரும். அந்தக் குடும்பத்துக்கு அப்படியொரு தலையிடி வரக்கூடாது என்று இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் தசமி நிற்கிற நேரமாக எடுத்தேன். பகல் பதினொரு மணி. என் மேசையில் நீங்கள் எடுத்த இரண்டு பஞ்சாங்கங்களிலும் உள்ள பேனை அடையாளம் அதுதான்.

அன்று ஆரணிக்கு ஆஞ்சநேயர் கோவிலில் அர்ச்சனை. அப்பா சுகமானால் செய்வேன் என்று நேர்ந்திருந்தாவாம்.

“குகன் அண்ணை, ஒரு மணித்தியாலம் அப்பாவோடை இருப்பியளோ? உங்களை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்?”

“போட்டு வாம்மா. அவசரப்படாமல் வா,” என்றேன்.

கமெரா கொண்டுபோகவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். நான் அப்படிப்பட்டவன் இல்லை. அவர் பத்திரிகையில் வெங்காய விலை பார்த்துக்கொண்டிருந்தார். விலை விழுந்துவிட்டது என்று அரசாங்கத்தை ஏசினார். நான் சுவரிலிருந்த மெசின் சுவிட்சை நிறுத்தினேன். மெசின் ஒரு தரம் கத்தும், அதையும் நிறுத்த எனக்குத் தெரியும், ஆரணி பழக்கியிருந்தா. கொஞ்ச நேரத்தில் அவர் பத்திரிகையைக் கீழே வைத்தார்.

“தம்பி, கறண்ட் நிண்டிட்டுதோ?”

“ஓம் ஐயா. இப்ப வரும்.”

அவர் நிமிர்ந்து, மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழும்ப முயன்றார், நான் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தேன். அவரிடம் பெரிய பலமொன்றும் இருக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். முடிந்தபிறகு சுவிட்சைப் போட்டேன். பத்திரிகையை மடித்துவைத்தேன்.

இருதய வருத்தக்காரர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. செத்த வீட்டை நான்தான் நேரலையில் கனடாவுக்கு அனுப்பினேன். கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, முப்பத்தோராம் நாள் வீட்டில் பெரிய திரை கட்டிப் பாட்டைப் போட்டோம். அந்த வரி வந்தது. திரையில் அவர் தண்ணீர் வீசினார். ஜெயதீபன் இந்தமுறை வந்திருந்தார், என் தோளில் விழுந்து அழுதார். நானும் அழுதேன். அந்த வரியில் ஒரு சொல்லும் பொய்யில்லை, ஐயா. இன்று அதைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் உண்மையைத்தான் பார்க்கிறார்கள்.

நேற்று நீங்கள் ஒரு விடயம் சொன்னீர்கள். அதையும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு வீடியோக்களின் சத்தத்தைக் கடைசியாகச் சரிசெய்து தருகிற ஜெயசுதன், முப்பத்தோராம் நாளுக்கு முன்பு, அந்தப் பழைய பதிவில் சரியாகத் ‘தசமியிலே’ என்ற இடத்தில், வீதியில் பாண் விற்றுக்கொண்டு போன பாண்காரரின் ஓட்டோப் பாட்டு விழுந்திருப்பதைக் கண்டானாம். என்னிடம் சொன்னால் சண்டைக்கு வருவேன் என்று சொல்லாமல், மதுராவைக் கூப்பிட்டு அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் பாடவைத்தானாம். திதியை என்னவென்று மாற்றிப் பாடவேண்டும் என்று அவள் கேட்டாளாம். மாற்றத் தேவையில்லை, அதே திதிதான் என்று இவன் சொன்னானாம். அவள் பாடிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கலண்டரைப் பார்த்திருக்கிறாள். அழித்துவிட்டேன் என்று நான் சொன்னதும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அப்படித்தான் உங்களிடம் வந்தாளாம். பாடுவதற்கு ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லையாம். முப்பத்தோராம் நாள் நான் கேட்டு அழுதது அந்தப் புதிய வரியாம்.

நான் நம்பவில்லை. நானூறு தடவை கேட்டவன் நான். நீங்கள் இரண்டு பதிவையும் கொண்டுவந்து, எது எதென்று சொல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முதலாவதில் பின்னால் எங்கோ பாண்காரரின் பாட்டுக் கேட்டது. இரண்டாவதில் குரல் உடைந்த இடத்தில் எனக்கு மயிர் சிலிர்த்தது. என் பதிவில் அப்படியொரு சத்தம் விழ நான் விட்டிருக்கமாட்டேன். நீங்கள் சோதிப்பதற்காகச் சேர்த்திருப்பீர்கள் என்று நினைத்தேன். இரண்டாவதுதான் பழையது என்றேன். நீங்கள் முதலாவதைத் திரும்பவும் போட்டீர்கள். பொலிஸ்காரத் தம்பி எழும்பி வெளியே போனார்.

நடராசா ஐயாவைக் கொன்றது நான்தான். அதை யாரும் என்னை அடித்துச் சொல்லவைக்கவில்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அந்தச் சோதனையை ஒரு நல்ல ஸ்பீக்கரில் திரும்பச் செய்யவேண்டும். உங்கள் மேசையில் இருப்பது சரியில்லை, ஐயா.