மூன்றாம் பாகத்துப் பேய்

— அந்த இடத்துல அவன் லிஃப்ட்டை விட்டு இறங்கியிருக்கவே கூடாதுக்கா. மாடியே இல்லாத இடத்துல கதவு திறந்தா எந்த மடையனாவது இறங்குவானா? பேய்ப் படத்துலயும் இதே கூத்துதான். உள்ள ஏதோ சத்தம் கேக்கும், உடனே ஒரு டார்ச்சைத் தூக்கிட்டுக் கிளம்பிருவான். நானா இருந்தா போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கிட்டுப் படுத்துருவேன்.

— இப்போ அதைத்தானே பண்ணிட்டு இருக்கே.

— எதை?

— கண்கட்டை அவுத்து எவ்வளவு நேரமாச்சு? நர்ஸம்மா திரையெல்லாம் இழுத்து விட்டுட்டு, சின்ன விளக்கு ஒண்ணைப் போட்டுட்டு, "மெதுவாத் திறந்து பாருங்க, அவசரமில்ல"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நீ என்னடான்னா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு லிஃப்ட்டுக்காரனுக்குப் புத்தி சொல்றே.

— அவசரமில்லன்னுதானே சொன்னாங்க. நீ படிக்கா. கதவு திறந்துச்சு. அப்புறம்?

— அப்புறம்... அந்தப் பொம்பளை நிக்கிறா.

— பேயா?

— பேயேதான். தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு. "வாப்பா, இப்பதான் வர்றியா"ங்கிறா.

— சொல்றாளா, நினைக்கிறாளா?

— அதென்னடா கேள்வி?

— எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தேன்? காமிக்ஸ்ல எழுத்தைச் சுத்தி முட்டை மாதிரி கோடு போட்டிருந்தா வாய்விட்டுப் பேசுறது. மேகம் மாதிரி இருந்தா மனசுக்குள்ள நினைக்கிறது. இது எது?

— முட்டை... முட்டைதான். நல்ல பெரிய முட்டை.

— ம். அது தப்புக்கா. பேய் பேசவே கூடாது. பேசுச்சுன்னா பக்கத்து வீட்டு அத்தை ஆயிடும். முதல் பாகத்துல அவ வாயே திறக்கல. ரெண்டாம் பாகத்துல ஈரத் தலையும் முதுகும்தான். முகத்தை ஒரு கட்டத்துல கூடக் காட்டல. அங்கதான் வரைஞ்சவன் கெட்டிக்காரன். காட்டாத வரைக்கும்தான் பயம். காட்டிட்டா, அட, இவ்வளவுதானான்னு சப்புன்னு போயிடும்.

— எனக்கு மூஞ்சி தெரியலைன்னா யாரோட பேசுறேன்னே பிடிபடாது. கடைக்கு வர்றவங்க மூஞ்சியைப் பார்த்ததும் அவங்க துணி எந்த அடுக்குல இருக்குன்னு கை தானாப் போகும்.

— உன் சலவைக் கடையைப் பேய்க் கதைக்குள்ள இழுக்காதே. மேல படி.

— நான் எங்க இழுத்தேன்? படிக்கிறதைத்தான் கேளேன். அவன் இறங்குறான். உள்ள நீளமா ஒரு மேஜை. மேல வெள்ளைத் துணி விரிச்சிருக்கு. பக்கத்துல சட்டையா மடிச்சு மடிச்சு அடுக்கியிருக்கு. பேய் இவனை ஏற இறங்கப் பார்த்துட்டு, "உன் யூனிஃபார்ம் காலர்ல அழுக்குக் கோடு தெரியுது, கழட்டிக் கொடு"ங்கிறா.

— என்னது?

— "காலரை முரட்டுத்தனமாத் தேய்க்காதே, நூல் பிரிஞ்சிரும். சோப்பைத் தடவி ஊறப் போடு. அழுக்கு தானா விட்டுக் கொடுக்கும்."

— இது பேய் சொல்லுதா?

— முட்டைக்குள்ள அப்படித்தான் போட்டிருக்கு.

— இவ்வளவும் ஒரே முட்டைக்குள்ளயா?

— பொடி எழுத்துடா. எனக்கே கண்ணு வலிக்குது.

— கதை எழுதுற ஆளை மாத்திட்டாங்கக்கா. நிச்சயமா மாத்திட்டாங்க. முதல் ரெண்டு பாகத்துல துணியைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ரத்தம், இருட்டு, லிஃப்ட்டுக் கயிறு இழுபடுற சத்தம், அவ்வளவுதான். இப்போ பார்த்தா பேய் காலர் துவைக்குது.

— ஏன், பேய்க்குக் கைவேலை இருக்கக் கூடாதா? ராத்திரி பகலா சும்மா நின்னுக்கிட்டே இருந்தா அதுக்கும்தான் கால் கடுக்காதா?

— அதுவும் சரிதான். ஆனா ஒண்ணு சொல்லணும். நேத்து நீ படிச்சியே, கறையைப் பார்த்தே அது ரத்தமா, துருவா, வெத்து மையான்னு பேய் கண்டுபிடிச்சுச்சே, அந்த இடத்துல எனக்கு நிஜமாவே முதுகு சில்லுன்னு ஆச்சு. மையைப் போய் ரத்தம்னு நினைச்சு மானேஜர் ஒருத்தன் ஓடினான் பாரு, சிரிப்பும் வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே பயப்பட வைக்கிறது லேசு இல்ல.

— நல்லா இருந்துச்சா?

— நல்லா இருந்துச்சுக்கா. நீ என்ன, எழுதினவளாட்டம் சந்தோஷப்படுறே?

— தம்பி சிரிச்சா சந்தோஷப்படக் கூடாதா? இந்தக் கட்டில்ல வந்து படுத்ததுலேருந்து நேத்துதான் நீ சிரிச்சே.

— எனக்குன்னு பாரேன். ரெண்டாம் பாகத்தோட கம்பெனியை மூடிட்டான். வருஷக்கணக்கா அந்தப் பழைய புத்தகக் கடைக்குப் போய், மூணாம் பாகம் வந்துச்சா, வந்துச்சான்னு கேட்டுக் கேட்டு, கடைக்காரர் என் தலையைப் பார்த்தாலே கையை விரிச்சுருவார். கடைசியில நான் கண்ணைக் கட்டிக்கிட்டுப் படுத்த நேரமாப் பார்த்து வருது. எங்கக்கா அது? அட்டையைத் தொட்டுப் பார்க்கிறேனே.

— மருந்துக் கையோட தொடாதே, ஒட்டிக்கும். அப்புறம் நீதான் அட்டை போச்சுன்னு அழுவே.

— அட்டையில என்ன படம்?

— அட்டையிலயா... பேய்தான் நிக்குது. பின்னாடி ஒரே இருட்டு.

— மூஞ்சி?

— தெரியல. உனக்குப் பிடிச்ச மாதிரியே.

— அப்பாடா. கலரா?

— இல்ல இல்ல. கறுப்பு வெள்ளை.

— அதுதான் மரியாதை. காமிக்ஸுக்குக் கலர் எதுக்கு? நாள் பூரா கார் பெயிண்ட்ல முங்கி எழுந்துட்டு வர்றவனுக்குக் கறுப்பு வெள்ளைதான் ஓய்வு. ஆனா அக்கா, தாள் சரியில்ல. பழைய பாகம் புரட்டினா சொரசொரன்னு கேக்கும். இது வழவழன்னு கேக்குது. வழவழத் தாள்ல கறுப்பு மினுங்கும், எடுபடாது.

— காலம் மாறுதுடா. எல்லாத்தையும் வழவழன்னுதான் போடுறான். உன் முதலாளி மறுபடியும் போன் பண்ணினார்.

— என்னவாம்?

— "உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்கம்மா. கண்ணு முன்னப்பின்ன இருந்தாலும் கவலைப்பட வேண்டாம், வாசல்ல உக்காந்து வர்றவங்களைக் கவனிச்சுக்கட்டும்"னார்.

— நல்ல மனுஷன்.

— ஆமா.

— வாசல்ல உக்காரணுமாம்.

— டேய், அவர் ஆறுதலுக்குச் சொன்னது.

— தெரியும்க்கா. ஒருத்தன் வண்டியைக் கொண்டாந்து நிறுத்தி, இடிச்ச இடத்துக்கு மட்டும் சிவப்பு அடிச்சுக் கொடும்பான். எந்தச் சிவப்பு? வெயில்ல நின்ன சிவப்பு வேற, நிழல்ல நின்னது வேற. ஒரு சொட்டு மஞ்சள் தூக்கலாப் போயிட்டா வண்டிக்காரனுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். ராத்திரி தூக்கம் வராது. அந்த ஒரு சொட்டுக்குத்தான் எனக்குச் சம்பளம். அது தெரியலைன்னா நான் வாசல்ல உக்காந்தா என்ன, வண்டியடியில படுத்தா என்ன?

— பெயிண்ட்ல கலக்குற தின்னர் டப்பா மூடி தெறிச்சு உன் கண்ணுல பட்டது உன் தப்பு இல்ல.

— கண்ணாடி போடாதது என் தப்புதான். போட்டா கலர் மாறித் தெரியுதுன்னு கழட்டி வெச்சேன். சரி, அதை விடு. படி.

— உள்ள வரலாமா? என்ன சார், இன்னும் திறக்கலையா?

— நர்ஸம்மா, கதை முக்கியமான இடத்துல நிக்குது. முடிஞ்சதும் திறந்துருவேன்.

— டாக்டர் பக்கத்து ரூம்ல இருக்கார். அடுத்து இங்கதான் வருவார். வலிக்குதா?

— வலி இல்லம்மா. இமைக்கு வெளிய ஏதோ சிவப்பாத் தெரியுற மாதிரி இருக்கு. அது வெளிச்சமா, என் நினைப்பான்னுதான் தெரியல.

— திறந்தாத்தானே தெரியும். அப்படி என்ன கதைங்க இது, நானும் பார்க்கிறே... அம்மா, இது என்ன, நீங்க—

— நர்ஸம்மா, அந்தச் சொட்டு மருந்தை வெளிய வெச்சுட்டீங்க போலிருக்கே. கொஞ்சம் பாருங்களேன்.

— ஓ. ம்... ஆமாம்மா. வெளியதான் இருக்கு. நீங்க படிங்க. நல்லாப் படிங்க.

— அவங்களுக்கென்னக்கா, திடீர்னு குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— பேய்ப் புத்தகத்தைப் பார்த்தா யாருக்குத்தான் குரல் மாறாது?

— நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன், கேளு. படத்துல பேய் வரும்போது கண்ணை மூடிக்கிறோமே, அது வீண் வேலை. காதைப் பொத்திக்கணும். சத்தம் இல்லாமப் பார்த்தா பேய் வெறும் மாவு பூசின பொண்ணு. இங்க படுத்துக்கிட்டுத்தான் அது புரிஞ்சுது. வராண்டாவுல அந்தத் தள்ளுவண்டிச் சக்கரம் கிரீச்சிடும் பாரு, எந்தப் படத்துலயும் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்ல. வண்டி நம்ம கதவுகிட்ட வந்து நிக்கும். யாரும் உள்ள வர மாட்டாங்க. ஐயோ!

— அது சாப்பாட்டு வண்டிடா.

— அதைத்தான் சொல்றேன். பார்த்திருந்தா சாப்பாட்டு வண்டி. பார்க்காததால பேய்.

— அப்போ பார்த்துட்டா பேய் போயிடும்னு நீயே சொல்றே.

— பேச்சுல மடக்காதே. படத்துல வேற விதமும் உண்டு. கதவு மூடியிருக்கிற வரைக்கும் உள்ள எதுவும் இருக்கலாம். நல்லது கூட இருக்கலாம். திறந்தப்புறம் இருட்டுதான்னு ஆயிட்டா, அதுதான் கடைசிப் பக்கம். அதுக்கப்புறம் புரட்ட ஒண்ணும் இல்ல.

— இந்தப் புத்தகத்துல இன்னும் பக்கம் இருக்குடா.

— நீயும் இருப்பே இல்லக்கா?

— எங்கடா போவேன்? உன் கட்டில் ஓரத்துலதான் உக்காந்திருக்கேன்.

— கடையை யார் பார்த்துக்கிறா?

— மாமா பார்த்துக்கிறார். நேத்து ஒருத்தர் பேண்ட்டை இன்னொருத்தருக்குக் கொடுத்துட்டாராம். வாங்கிட்டுப் போனவர் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்திருக்கார். புதுசா நீராவி இஸ்திரிப் பெட்டி ஒண்ணு வாங்கினோமே, அதைத் தொடவே மாமாவுக்குப் பயம். புஸ்ஸுன்னு சத்தம் போடுதாம்.

— பாரு, அங்கயும் சத்தம்தான் பேய்.

— சரி, கடைசி இடம் படிக்கட்டுமா?

— படி. நிதானமாப் படி.

— அவன் சட்டையைக் கழட்டிக் கொடுக்க மாட்டேங்கிறான். ஓடிப் போய் லிஃப்ட்டுக்குள்ள பூந்து கதவைச் சாத்திக்கிறான். பித்தானை அமுக்கு அமுக்குன்னு அமுக்குறான். லிஃப்ட் நகரல. வெளியே சத்தமே இல்ல. பேய் இருக்கா, போயிடுச்சான்னு தெரியல.

— இதான், இதான் வேணும். இப்போ பேய் கதவை இடிக்கணும்.

— இடிக்கல.

— பின்னே?

— கதவுக்கு வெளியே தரையில உக்காந்துக்குது. "நீ திறந்தாலும் சரி, திறக்காட்டியும் சரி. வெளியே என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது. இருட்டா இருந்தா இருட்டுல உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். வெளிச்சமா இருந்தா நீ உன் வழியப் பார்த்துட்டுப் போ. அதுவரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன்"னு சொல்லுது.

— உக்காந்தே இருக்குமா?

— இருக்கும்டா. பேய் பேசக் கூடாதுன்னு நீ சண்டை பிடிப்பேன்னு பார்த்தேன்.

— இல்லக்கா. இந்த ஒரு இடத்துல பேசலாம். அவன் திறந்தானா?

— அடுத்த பக்கம்.

— புரட்டு.

— புரட்டிட்டேன். அந்தக் கட்டத்துல ஒண்ணும் எழுதலடா. முட்டையும் இல்ல, மேகமும் இல்ல. கதவோட படம் மட்டும்தான்.

— மூடின கதவா?

— தெரியலையே. நீதான் சொல்லணும், ரசிகன் நீதானே.

— கையைக் கொடு.

— இந்தா.

— இன்னும் இறுக்கிப் பிடிக்கா.

— பிடிச்சுட்டேன்டா.

— ...

— தம்பி?

— ...

— டேய், ஏதாவது பேசு. தண்ணி வேணுமா? நர்ஸம்மாவைக் கூப்பிடட்டுமா?

— அக்கா.

— சொல்லுடா.

— அட்டையில பேய் நிக்குதுன்னு சொன்னே இல்ல?

— ஆமா.

— கறுப்பு வெள்ளைன்னும் சொன்னே.

— ஆமான்னு சொன்னேனே. இப்போ எதுக்கு அது?

— கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கு. இருந்தாலும், அது பேய் இல்லக்கா, இஸ்திரிப் பெட்டி. நல்ல சிவப்பு, ஒரே ஒரு சொட்டு மஞ்சள்தான் தூக்கலா இருக்கு.