கைதட்டலில் கரைந்த காப்புரிமை

அணுவுக்குள் அமர்ந்து அண்டத்தை ஆட்டுவிக்கும் பெருமானே, அடியேன் நாவில் வந்து நில். நேரத்தையும் நீயே பார்த்துக்கொள்!

தலைமை தாங்கும் ஆலை முதல்வர் அவர்களே, வெள்ளை அங்கியைக் கழற்றிவிட்டு வந்திருக்கும் ஆய்வகத்துப் பெருமக்களே, கலவைத் தொட்டிகளைக் கண்ணெனக் காத்த தாய்மார்களே, வணக்கம்!

நாம் செய்வது என்ன? கணிப்பொறிச் சில்லுக்கான சிலிக்கன் தகட்டைக் கண்ணாடியாக்கும் மெருகுக் குழம்பு. அமிலம் முன்னே, பொடி பின்னே. மாறினால் கட்டி தட்டும். கட்டி தட்டினால் தகட்டில் கீறல். இந்த வரிசையைத்தான் தன் கண்டுபிடிப்பென்று போட்டி நிறுவனம் காப்புரிமை வாங்கி, நம்மீது வழக்கும் போட்டது! முன்னுக்கும் பின்னுக்குமே பட்டா போட்டால், நாளை சட்டையை மாட்டிவிட்டுப் பொத்தான் போடவும் அனுமதி கேட்க வேண்டாமா? சிரியுங்கள், சிரியுங்கள், இரண்டாண்டாகச் சிரிக்காத வாய்கள்!

தோற்றால் தொட்டிகளுக்குப் பூட்டு. நூற்றிருபது பேருக்கு வேலை இல்லை. கலவைப் பிரிவு அக்கா கேட்டார்: “பத்து வருஷமா இப்படித்தானே கலக்குறோம்? நம்ம நோட்டைக் காட்டுங்களேன்!”

நம் வழக்கறிஞர் அம்மையார் உதட்டைப் பிதுக்கினார். “கதவைச் சாத்திட்டுக் கலக்கினீங்க, அக்கா. அது செல்லாது. அவங்க விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே ஊரறிய வெளிவந்திருக்கணும்.”

“அப்போ வாயை மூடிட்டு இருந்ததுதான் எங்க குத்தமா?”

அடக்கத்துக்கு ஆண்டவன் சந்நிதியில் ஆசனம் உண்டு. காப்புரிமை அலுவலகத்தில் முக்காலிகூடக் கிடையாது!

தேடினோம். நூலகத்து அம்மா பழைய மாநாட்டு மலரொன்றில், இதே வரிசையைச் சொல்லும் மேடைப் பேச்சொன்றின் ஒரே ஒரு பக்கச் சுருக்கத்தைக் கண்டெடுத்தார். எழுதியவர் யார்? எதிர்த்தரப்பின் தலைமை விஞ்ஞானி! விண்ணப்பத்துக்கு இரண்டாண்டு முன்பே! மேடையைக் கண்டதும் மனிதருக்கு வாய் பொறுக்கவில்லை. என்னைப் பார்த்து ஏன் சிரிக்கிறீர்கள்?

விசாரணை நாள். அவர்களின் வக்கீல் முழங்கினார்: “அரைகுறைப் பக்கம் இது! இதைக் கொண்டு எவராலும் செய்ய முடியாது. எனவே வெளியிட்டதாகாது.” வலுவான வாதம். பிறருக்கு விளங்காமல் சொன்னது சட்டத்தின் கண்ணில் சொன்னதே ஆகாது. அக்காவின் முகம் வெளுத்தது.

நம் அம்மையார் சாட்சிக் கூண்டிலிருந்த விஞ்ஞானியிடம் பணிவே உருவாகக் கேட்டார்: “சார், அன்னைக்கு நீங்க பேசினது யாருக்குமே புரியலையாமே? உங்க வக்கீலே சொல்றார்.”

அன்பர்களே! ஆணவத்தை அழித்தருள் என்று அன்றாடம் வேண்டுபவன் நான். அந்த ஒரு நொடி மட்டும், ‘ஆண்டவனே, அவருடையதை விட்டு வை’ என்றேன். விட்டு வைத்தான்!

“புரியலையா? அரங்கமே எழுந்து கை தட்டுச்சு! தொட்டி வச்சிருக்கிற எவனும் மறுநாளே செஞ்சு பார்த்திருக்கலாம். அவ்வளவு தெளிவாப் பேசினேன்!”

வக்கீல் கண்களை மூடிக்கொண்டார். தொழுதாரா, வைதாரா? இறைவன் அறிவான். காப்புரிமை ரத்து!

நாம் வென்றோம் என்று நெஞ்சு நிமிர்த்தலாமா? நாளை நமக்கும் ஒரு மேடை வரும். நமக்கும் கை தட்டுவார்கள். அன்றைக்கு நம்மை யார் காப்பது? என்று நான் உச்சத்துக்கு ஏறும் வேளையில், முன்வரிசையிலிருந்து அக்கா கையசைக்கிறார்: “ஐயா, ஷிஃப்ட் மணி அடிச்சாச்சு!”

இதைவிடத் தீர்ப்பு வேண்டுமா? எழுந்திருங்கள். செவி கொடுத்தீர்கள், நன்றி. உங்கள் இல்லங்களில் உலை கொதிக்கட்டும், பிள்ளைகள் தழைக்கட்டும், பெருமான் துணை நிற்கட்டும். வாழ்க!