தோல்விக்குக் கிடைத்த கைதட்டல்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, மேடம். விசாரணை அறை என்றால் முதுகை ஒடிக்கும் பலகை எதையாவது போட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். எங்கள் துறையில் இருப்பதெல்லாம் ஒரு கால் ஆடும் நாற்காலிகள். அவற்றில் உட்கார்ந்துகொண்டுதான், அசையாத நிறுவனத்தை எப்படிக் கட்டுவது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

என் பாடத்தின் பெயர் தொழில்நுட்பத் தொழில்முனைவு. பல் இருப்பவர்களுக்கே வாயில் நுழையாது. மாணவர்கள் அதை 'முனைவு' என்று சுருக்கி, என்னை முனைவு சார் ஆக்கிவிட்டார்கள். இதைச் சொல்லித்தர எனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். நானும் ஒரு காலத்தில் கம்பெனி நடத்தினவன். வீட்டுக் கதவைப் போனிலிருந்தே பூட்டித் திறக்கும் கருவி. பூட்டும். திறப்பதில்தான் தகராறு. வாங்கியவர்களில் ஒருவர் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாமல் ஆகிவிட்டது. மாப்பிள்ளை அவர்தான்.

கம்பெனியை மூடிய கையோடு பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஒரு படி மேலே போய் நடனப் பள்ளியே திறந்துவிட்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஆசிரியன்தான். குறிப்பாக, தோல்வியைப் பற்றி நான் பேசும் வகுப்புக்கு மற்ற துறைகளிலிருந்தெல்லாம் வந்து நிற்பார்கள். அதிலிருந்து ஒரு வரியை எங்கள் கட்டடத்துச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள்: 'விழுந்தவனுக்குத்தான் தரை தெரியும்.' அக்கா ஒருமுறை வந்திருந்தபோது அதை நிதானமாகப் படித்தாள். "'விழுந்தவனுக்குத் தரைதான் தெரியும்'னு எழுதியிருக்கணும்டா," என்றாள்.

அக்கா அப்படித்தான். அம்மாவும் அப்பாவும் சீக்கிரம் போய்விட்டார்கள். என்னை ஆளாக்கியது அவள். ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தாள். அத்தான் இறந்த பிறகு தனியாகத்தான் இருந்தாள், பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. என் வீட்டுக்கு வந்துவிடு என்று கூப்பிட்டேன். "உன் வீட்டுப் பூட்டை நம்பி நான் வரமாட்டேன்," என்றாள். எலும்பு பலவீனம், அவ்வப்போது தலைசுற்றல். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மின்மினி என்று கூப்பிடுவோம். ஆய்வகத்தில் எந்த மூலையில் சின்னதாக ஒரு வெளிச்சம் தெரிந்தாலும், அங்கே அவள் ஈயம் உருக்கி ஏதாவது ஒட்டிக்கொண்டிருப்பாள். அதிகம் பேசமாட்டாள். தனியாக இருக்கும் வயதானவர்களுக்காக அவள் ஒரு கைப்பட்டை செய்தாள். போட்டிருப்பவர் விழுந்தால் வீட்டாரின் போனிலும் அவளுடைய போனிலும் மணி அடிக்கும். சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டும் என்றாள். முதல் ஆளாக அக்காவைக் கொடுத்தேன்.

"இத எப்பக் கழட்டணும், கண்ணு?" என்று அக்கா கேட்டாள்.

"கழட்டவே வேண்டாம், பெரியம்மா. குளிக்கும்போதும் கையிலயே இருக்கட்டும்."

ஒரு மாதம்கூட ஆகவில்லை. அக்கா சமையலறையில் வழுக்கி விழுந்தாள், பட்டை மணி அடித்தது. நான் வகுப்பில் இருந்தேன். எனக்கு முன்னால் மின்மினி ஓடிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். நான் போனபோது அக்கா தலையில் கட்டோடு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "உன் பூட்டு மாதிரி இல்லடா. இது வேலை செய்யுது," என்றாள். அவள் சிரித்தாள். மின்மினி சிரித்தாள். நானும் சிரித்தேன். மூவரில் கடைசியாகச் சிரிப்பை நிறுத்தியது நான்தான்.

அன்றைக்கே எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. ஒருமுறைகூடத் தோற்றதில்லை அவள். நினைத்ததைச் செய்தாள், செய்தது வேலை செய்தது. இப்படியே வெளியுலகத்துக்குப் போனால் முதல் அடியிலேயே நொறுங்கிவிடுவாள். ஒரு சின்னத் தோல்வி அவளுக்கு அவசியம், தடுப்பூசி மாதிரி. அதைப் பாதுகாப்பான இடத்தில், பொறுப்பான ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையில் கொடுத்துவிடுவது நல்லது. இப்படித்தான் யோசித்தேன். இப்போதும் இதில் பெரிய தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முதலீட்டாளர்கள் வந்து மாணவர்களின் கண்டுபிடிப்புகளைப் பார்க்கும் நாள் வந்தது. மேடையில் மின்மினி விழுந்து காட்ட வேண்டும், மேசைமேல் இருக்கும் போன் அலற வேண்டும். பட்டைகளிலிருந்து வரும் செய்தியெல்லாம் ஓர் இணையப் பக்கத்தின் வழியாகத்தான் போனுக்குப் போகும். பழுது பார்க்கும்போது மணி அடித்துத் தொல்லை தராமலிருக்க, அங்கே 'நிறுத்திவை' என்று ஒரு பொத்தான். கடவுச்சொல் அவளிடம் ஒன்று, வழிகாட்டி என்ற முறையில் என்னிடம் ஒன்று. திரைக்குப் பின்னால் மற்ற மாணவர்கள் முன்னால் ஒத்திகை பார்த்தாள். மணி கணீரென்று அடித்தது. போனை மேசைமேல் வைக்கக் கொடுத்துவிட்டு அவள் நேராக மேடையேறியதும் முதல் வரிசையில் உட்கார்ந்தபடி நான் அந்தப் பொத்தானை அழுத்தினேன். மேடையில் இருந்த பட்டையை மட்டும் நிறுத்தவும் வழி இருந்ததாம். செய்தவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கும் நிலையில் நான் இல்லை. எல்லாப் பட்டைகளும் நின்றுவிட்டன.

விழுந்தாள். போன் பேசாமல் கிடந்தது. எழுந்தாள், இன்னொரு முறை விழுந்தாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறையப் பேர். மூன்றாவது முறை அவள் விழவில்லை; நின்று கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேடையேறி அவள் தோளில் கை வைத்து, தோல்வியைப் பற்றிப் பேசினேன். என் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை, மேடம். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் பெண்ணும் அழுதுகொண்டே தட்டினாள்.

அதன் பிறகு விருந்து. மின்மினி ஒரு மூலையில் பட்டையைப் பிரித்துப் பழுது தேடிக்கொண்டிருந்தாள்; இணையப் பக்கத்தைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. கையில் தட்டோடு நின்றபடி, நிறுத்திவைத்ததை எடுத்துவிடலாம் என்று போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. நான் மேடையில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் விழுந்திருக்கிறாள்.

இந்த இடத்தை நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். நிறுத்திவைத்ததை எடுத்தால் காத்திருக்கும் செய்தி உடனே போய் மின்மினியின் போன் அலறும், அத்தனை பேர் முன்னாலும். கருவி பழுதில்லை, யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் என்பது வெட்டவெளிச்சமாகும். சரி, நானே ஓடிப்போகலாம், பக்கம்தான். ஆனால் ஒரு பெரிய முதலீட்டாளர் அப்போதுதான் என்னிடம், "சார், எங்க கம்பெனிக்கு ஒரு யோசனை சொல்லுங்களேன்," என்று கேட்டிருந்தார். அதுவரைக்கும் எந்தக் கம்பெனியும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. தூங்கியிருப்பாள் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். இன்னொரு முறையும் வாங்கினேன்.

காலையில்தான் போனேன். குளியலறை வாசலில் கிடந்தாள். ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் பிறகு சொன்னார். பக்கத்தில் நின்றுகொண்டுதான் நிறுத்திவைத்ததை எடுத்தேன். உடனே என் கையிலிருந்த போனில் மணி அடித்தது. மின்மினியின் போனிலும் அடித்திருக்க வேண்டும். செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள்.

"சார், இப்பதான் மணி வந்துது. பெரியம்மா..."

"நேத்து விழுந்திருக்காங்கம்மா. மணி நிறுத்திவெச்சே இருந்துது, இப்ப நான்தான் எடுத்துவிட்டேன். மேடையேறுற பதட்டத்துல நீ நிறுத்தி வெச்சிட்டு மறந்துட்டியோ?"

கேள்வியாகத்தான் கேட்டேன். குற்றம் சாட்டவில்லை. அவள் வெகுநேரம் யோசித்து, "அப்படித்தான் இருக்கும் சார்," என்றாள். நான் அவள் தலையைத் தடவி, இதுவும் ஒரு பாடம் என்று ஆறுதல் சொன்னேன். காரியங்கள் முடியும்வரை அக்கா வீட்டிலேயே இருந்து எல்லா வேலையும் செய்தாள். அப்புறம் படிப்பை நிறுத்திவிட்டாள். நேற்று உங்களிடம் வந்து, தான்தான் கொன்றதாகச் சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் கேட்ட கேள்வி சின்னதுதான். ஒத்திகையில் மணி அடித்திருக்கிறது. அதன் பிறகு அரங்கம் முழுக்கப் பார்க்கப் போனைத் தொடாமல் மேடையில் நின்றவள் எப்படி நிறுத்தியிருப்பாள் என்றீர்கள். இதை என் மாணவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் கற்பித்தலைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்தியது நான். அக்கா விழுந்தது தெரிந்தும் போகாதவன் நான். பழியை அந்தப் பெண்ணின் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்ததும் நான்தான்.

அவளை இனி வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள், நல்லது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இப்படி அவசரப்பட்டு உங்களிடம் வந்தது தப்புதான், ஆனாலும் சின்னப் பெண். எனக்கு அவள்மேல் கோபமில்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.