துடைக்காத படம்

— மவுஸைக் குடுங்க அண்ணே. அஞ்சு மணிக்குள்ள கட்டுரை போயாகணும்.

— இந்தப் படத்த ஒரு தடவை பாத்துட்டு அனுப்பும்மா.

— எட்டு தடவை பாத்தாச்சு. நடுவுல இளம் நட்சத்திரம், சுத்திலும் வாயு வட்டு, வட்டுல ஒரு இடைவெளி. அதை உண்டாக்கினது ஒரு கோள். நாம கண்டுபிடிச்ச கோள். இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?

— அது துடைச்ச படம். இது துடைக்காதது. வாயு ஓடுற வேகத்தப் பாரு. உள்பக்கம் ஒழுங்கா சுத்தாம ஒரு பக்கமா இழுபடுது.

— அது கருவியோட இரைச்சல், கருவியே உண்டாக்கற பொய்த் தடம். இங்க வந்து நாலு வருஷமாச்சு, இன்னும் இரைச்சலைத் துடைக்கக் கத்துக்கலையா நீங்க?

— மூணு மாசம், மூணு பதிவு. அதே இடத்துல அதே இழுப்பு. இரைச்சல் சொல்லி வெச்ச மாதிரி வருமா?

— சரி, கோள்தான் இழுக்குது. போதுமா?

— கோள் இழுத்தா லேசா நெளியும்மா. இது வட்டையே கோணலாக்குது. கணக்குப் போட்டேன். இழுக்கறது அந்த நட்சத்திரத்துல கால் பங்கு கனம்.

— கால் பங்கா? அப்ப அது கோளே இல்ல.

— இன்னொரு நட்சத்திரம். பெரியவன் வெளிச்சத்துல சின்னவன் மறைஞ்சு நிக்கறான்.

— கடவுளே. நம்ம ஆய்வகத்து இயக்குநர் ஊரெல்லாம் கோள்னு சொல்லிட்டார். இதை நேத்தே சொல்லித் தொலைச்சா என்ன?

— நேத்து சொன்னேன். செவ்வாய்க்கிழமையும் சொன்னேன். கதவைச் சாத்திட்டே.

— நீங்க எதைத்தான் பளிச்சுனு சொல்றீங்க? எப்பப் பாத்தாலும் மென்னு முழுங்கறது. சரி, உங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு நிச்சயம்?

— அஞ்சு வருஷம் முந்தி ஒருத்தன் ஒரு ஆய்விதழுக்கு எழுதியிருந்தான். வேற வட்டு, இதே கோணல். உள்ள ஜோடி இருக்குன்னான். திருப்பி அனுப்பிட்டாங்க.

— எந்த மடையன் அனுப்பினது?

— கட்டுரையப் படிச்சு முடிவு சொல்றவங்க பேரைத்தான் வெளிய சொல்லமாட்டாங்களே. ஒரே ஒரு வரி வந்துது. "முதல்ல இரைச்சலைத் துடைக்கக் கத்துக்கோங்க, அப்புறம் ஜோடி தேடலாம்."

— அந்த வரியை இன்னொரு தடவை சொல்லுங்க.

— தண்ணி குடி.

— முடிவு சொல்லச் சொல்லி வருஷத்துக்கு நாப்பது கட்டுரை எனக்கு வருது அண்ணே. படிக்கறேனோ இல்லையோ, அந்த வார்த்தை மட்டும் வந்துடும். அது நான் எழுதினது.

— தெரியும்மா.

— அந்த மனுஷன் இப்ப எங்க இருக்காரு? நான் மன்னிப்புக் கேக்கணும்.

— துடைக்கக் கத்துக்கலாம்னு உங்கிட்டயே வேலைக்கு வந்துட்டான். இந்தா, மவுஸ்.