முதுகுப் பக்கம்

கிள்ளானிலிருந்து வந்த கொமுட்டர் ரயிலில் இரண்டு இளம் டாக்டர்கள் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“அந்த ஆன்டி என்னை நல்ல பிள்ளைங்கிறாங்கடா. அதான் தாங்கல,” என்றான் கண்ணாடிக்காரன்.

“யாரு, மூச்சுத் திணறி வந்தவங்களா?”

“ஆமா. நெஞ்சுல முன்னால மட்டும் அல்ட்ராசவுண்ட் வெச்சேன். சட்டையத் தூக்கச் சொல்ல கூச்சமா இருந்துச்சு. விலா, முதுகு பார்க்கவே இல்ல. ஆனா ‘லங்ஸ் முழுக்கப் பார்த்தேன், கிளியர்’னு எழுதிட்டேன்.”

“நர்ஸைக் கூப்பிட்டிருக்கலாம் லா.”

“காலையில ஸ்பெஷலிஸ்ட் முதுகுல வெச்சுப் பார்த்தாரு. அடியில பூரா நிமோனியா.”

“இப்ப அவங்க?” என்றான் நண்பன்.

“ஐசியூவுக்குத் தள்ளிட்டுப் போறப்ப, மாஸ்க்கை விலக்கி மகள்கிட்ட என்னைக் காட்டுறாங்க. ‘இந்தத் தம்பி சட்டையக்கூடத் தூக்கச் சொல்லல. நல்லா வளர்த்திருக்காங்க’ங்கிறாங்க.”